பதினான்கு ஆணித் துளைகளும் ஒரு மாத வாடகையும்

தியாகராய நகரில் ஒரு ஃபிளாட்ஸின் இரண்டாவது மாடியில் நான்கு வருடம் குடியிருந்தேன். காலி செய்த அன்று ஹவுஸ் ஓனர் வந்தார். சாவியை வாங்கிக்கொள்வார் என்று பார்த்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகச் சுவரைப் பார்த்தார். காலண்டர் மாட்டிய இடம், கடிகாரம் மாட்டிய இடம், கொடிக் கயிறு கட்டிய இடம் என்று எல்லா ஆணித் துளைகளையும் விரலால் தொட்டு எண்ணினார். பதினான்கு. “பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கிறேன் தம்பி, எல்லா இடத்திலும் வழக்கம்தானே” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வழக்கம் என்று ஒருவர் சொன்னால் அதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்வது வாடகைக்காரர்களின் பழைய வியாதி. ஆனால் தமிழ்நாட்டில் இதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பேசும் அதை, வீடு காலி செய்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கேட்டு வளர்ந்த பல சங்கதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

நம்பிக்கை: 11 மாத ஒப்பந்தம் போட்டால் எங்கும் பதிவு செய்ய வேண்டாம்.

உண்மை: இந்த 11 மாதக் கணக்குக்கு வேர், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது அது. அதைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். புதிய சட்டத்தில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர்தான் இந்த அதிகாரி. விண்ணப்பிக்க அரசின் இணையதளமே இருக்கிறது. “நமக்குள்ள எதுக்கு சார் பத்திரமெல்லாம்” என்று வாய்வார்த்தையில் விட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, காலி செய்யச் சொல்லி மனுப் போடவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

நம்பிக்கை: அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கினால் குற்றம்.

உண்மை: பாதிதான் சரி. சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பேரத்துக்கே இடமில்லாத விஷயமாக இருந்தது. புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்தது. ஆனால் ‘வேறு விதமான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்’ என்று ஒரு வாசகத்தையும் கூடவே வைத்தது. ஆறு மாதம் என்று எழுதியதில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த வரம்பைக் காட்டிப் பெரிதாகச் சண்டை போட முடியாது. பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

நம்பிக்கை: அடுத்த ஆள் குடி வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் நம்முடையது திரும்பக் கிடைக்கும்.

உண்மை: இது ஓனரின் வசதி, விதி அல்ல. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

நம்பிக்கை: பெயின்ட் செலவு குடியிருந்தவர் தலையில்தான்.

உண்மை: என் கதைக்கு வருகிறேன். யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று சட்டத்தின் பின்னிணைப்பு ஒரு பட்டியலே தருகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கீசர், வாஷ்பேசின், உடைந்த ஜன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு ஆகியவை நம் கணக்கு. புழங்கியதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கு யாரும் தண்டம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இங்கேயும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ள இடம் உண்டு. சந்தேகம் வந்து என் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கம், கடைசிக்கு முந்தைய வரி: காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவாகக் கழிக்கப்படும். அதற்குக் கீழே என் கையெழுத்து, கோணல்மாணல் இல்லாமல், பளிச்சென்று. ஆணித் துளைகளை அவர் எண்ணியிருக்கவே வேண்டாம்.

நம்பிக்கை: வாடகை பாக்கி வைத்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தலாம்.

உண்மை: கூடவே கூடாது. ஓனர் தானாகவும் செய்யக் கூடாது, வாட்ச்மேனை விட்டும் செய்யக் கூடாது. தண்ணீர், மின்சாரம் மட்டுமல்ல. மாடிப்படி விளக்கு, லிஃப்ட், பார்க்கிங், கழிவுநீர் வசதி எல்லாமே அத்தியாவசியச் சேவைகள்தான். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிட்டு, உடனே திரும்பத் தரச்சொல்லி உத்தரவு பெறலாம். அதற்காக வாடகை கொடுக்காமல் காலம் தள்ளலாம் என்று அர்த்தமில்லை. இரண்டு மாத பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டவில்லை என்றால், காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். சாமானை எடுத்து வராந்தாவில் வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

நம்பிக்கை: வீடு அவருடையது, எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

உண்மை: 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். என் ஓனர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்று வந்து நிற்பார். நானும் காபி போட்டுக் கொடுப்பேன். அது விருந்தோம்பல். அதை அவருடைய உரிமை என்று நினைத்தது என் தப்பு.

நம்பிக்கை: மெயின்டெனன்ஸ் கட்டுகிறோம், அசோசியேஷனில் நமக்கும் ஒரு குரல் உண்டு.

உண்மை: பெரும்பாலும் இல்லை. அசோசியேஷன் என்பது உரிமையாளர்களின் சங்கம். மாதாமாதம் பணம் கட்டினாலும் வாட்ஸ்ஆப் குழுவில் எங்களைச் சேர்க்கவில்லை. சம்ப் கழுவுகிறார்கள், மதியம் வரை மோட்டார் ஓடாது என்ற செய்தி ஊரிலேயே இல்லாத ஓனருக்குப் போகும். தலையில் சோப்போடு நான் நிற்பேன். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு, லிஃப்ட் மாற்றும் செலவு, கட்டடத்துக்கே பெயின்ட் அடிக்கும் செலவு ஆகியவற்றில் எது யார் பங்கு என்பதை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. பொதுவாக மாதச் செலவு நமக்கு, கட்டடத்தின் ஆயுளைக் கூட்டும் செலவு ஓனருக்கு என்பதுதான் நியாயம்.

நம்பிக்கை: 12 வருடம் தொடர்ந்து குடியிருந்தால் வீடு குடியிருப்பவருக்கே.

உண்மை: ஓனர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் வதந்தி இது. உரிமையாளரின் உரிமையை மறுத்து ஒருவர் 12 வருடம் அனுபவித்துவந்த இடத்தைப் பற்றி 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பேசுகிறது. வாடகைக்காரர் ஓனரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவர். மாதாமாதம் வாடகை கொடுத்து அவரை ஓனர் என்று ஒப்புக்கொள்பவர். முப்பது வருடம் இருந்தாலும் அவர் வாடகைக்காரர்தான். இந்தப் பயத்தில் நல்ல குடித்தனக்காரரை வருடாவருடம் மாற்றுகிற ஓனர்கள் வீண் செலவுதான் செய்கிறார்கள்.

இப்போது இருக்கும் வீட்டுக்குக் குடி வரும்போது, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். இங்கேயும் அதே பெயின்டிங் வரி இருந்தது. எடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஓனரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். இரண்டு நிமிட வேலை. சாமான் இறங்கும் முன்பே எல்லாச் சுவர்களையும் ஃபோனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பியும் விட்டேன். நீங்களும் அடுத்த முறை பால் காய்ச்ச நல்ல நேரம் பார்க்கும் முன், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் வரை ஒரு தரம் படித்துவிடுங்கள்.