எசமானின் குரலைக் கேட்கும் நாய்

பழைய இசைத்தட்டுகளின் நடுவே, குழலின் முன் அமர்ந்து தலை சாய்த்துக் கேட்கும் சிறு வெள்ளை நாயை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அச்சிறு முத்திரை முதலில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் என்பதை அறிந்தோர் சிலரே. அதன் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

அந்நாயின் பெயர் நிப்பர். 1884ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. வருவோரின் கால்களைக் கவ்வும் குறும்பினால் அப்பெயர் பெற்றது. அதன் எசமானர் மார்க் பாரோ 1887இல் காலமானார். அவருடைய தம்பியும் ஓவியருமான பிரான்சிஸ் பாரோ அதை வளர்த்தார். ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து குரல் எழும்போது, பேசுபவர் எங்கே என்று புரியாமல் நிப்பர் உற்றுக் கேட்பதை அவர் கவனித்தார். 1895இல் நாய் இறந்தது. மூன்று ஆண்டுகள் கழித்தே அக்காட்சியைத் தீட்டினார்.

முதலில் அவர் வரைந்தது உருளையில் ஒலி பதியும் போனோகிராப் கருவியை. கறுத்த குழலுக்குப் பதிலாகப் பித்தளைக் குழல் வரைய விரும்பி, மாதிரிக்கு ஒன்றை இரவல் கேட்க 1899இல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்குச் சென்றார். கருவியையே மாற்றித் தங்கள் கிராமபோனை வரைந்து தந்தால் படத்தை வாங்குவதாக அவர்கள் கூறினர். ஓவியத்திற்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன் என விலை முடிந்தது. ‘எசமானின் குரல்’ என்னும் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எச்.எம்.வி.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பை இங்கே நாம் கற்கலாம். நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்வது இவ்வண்ணம். மெல்ல உலர்வதால் நிதானமாகத் திருத்தலாம். உலர்ந்தபின் அதன்மேலேயே வேறொன்றைத் தீட்டலாம். ஆயினும் அடியில் உள்ளது முற்றிலும் அழிவதில்லை. மூல ஓவியத்தில் ஒளி ஒரு கோணத்தில் விழும்போது, மறைக்கப்பட்ட பழைய கருவியின் தடம் புலப்படும்.

விற்பதற்காகக் கருவி மாறியது. நாயின் முகம் மாறவில்லை. சாய்ந்த தலையையும் அசையாத பார்வையையும் பாருங்கள். ஓவியர் தம் நாயைப் பல நாள் கூர்ந்து நோக்கியிராவிட்டால் அந்நிலை தூரிகைக்கு வந்திராது. பாரோ 1924இல் மறைவதற்குள், கம்பெனிக்காக அதே படத்தை 24 முறை மீண்டும் வரைந்து கொடுத்தார்.

தோழியரே, சித்திர வகுப்பில் படத்தைப் பார்த்துப் படம் எழுதுவது எளிது. அடுத்த முறை நம் வாசலில் படுத்திருக்கும் நாயை முதலில் பத்து நிமிடம் பார்ப்போம். பிறகு பென்சிலை எடுப்போம்.