இகுவானா வாங்கலாமா?

கிடர்பூரில் ஒரே அறை உள்ள வீடு. தவழும் குழந்தை ஒன்று.

"பச்சை இகுவானா ஒன்று வாங்கலாமா? ஓணான் அளவுதான் இருக்கிறது" என்றார் கணவர்.

"அது வளருமே! எங்கேங்க விடுவது?" என்றார் மனைவி.

சரியான கேள்வி. இகுவானா தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் பல்லி இனம். வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேலும் வளரும். 15 ஆண்டுகள் கூட வாழும். ஆள் உயரக் கூண்டு வேண்டும். கீரையும் இலையும்தான் உணவு. வெயில் படாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். குளிரும் ஆகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் கடுங்குளிர் வந்தால், இகுவானாக்கள் விறைத்து மரத்திலிருந்து பொத்தென்று விழும்!

அதன் கழிவில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தவழும் குழந்தைக்கு அது தெரியுமா? இந்த வீட்டுக்கு இகுவானா வேண்டாம்.

இட வசதி உள்ளவர்களும் சட்டத்தை அறிய வேண்டும். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இகுவானாவை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். நம் நாட்டு உடும்பை வளர்ப்பதோ குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

வாங்கியபின் வளர்க்க முடியவில்லையா? ஆதிகங்கைக் கரையில் விட்டுவிடக் கூடாது. வனத்துறையிடம் சொல்ல வேண்டும்.