கொன்றையும் அதன் சுற்றமும்

சித்திரைத் திங்களில் வெயில் முறுகி நிற்கும். காட்டு மரங்கள் பல இலையுதிர்ந்து வெறுங்கிளையாய்த் தோன்றும். அவ்வேளையில் ஒரு மரம் மட்டும் பொற்சரங்களைத் தொங்கவிட்டாற்போல மஞ்சள் மலர்களைத் தாங்கிப் பொலியும். அதுவே கொன்றை. மலர்கள் சரஞ்சரமாய்த் தொங்குதலின் அதனைச் சரக்கொன்றை என்றும் வழங்குவர். சங்கப் புலவர் அதனை முல்லை நிலத்துக்குரிய மரமாகப் போற்றினர்.

கொன்றை என்னும் பெயர் தாங்கிய மரங்கள் தமிழகத்தில் பல உள்ளன. செங்கொன்றை, மயிற்கொன்றை, மஞ்சள் கொன்றை என அப்பெயர்கள் விரியும். அவை யாவும் ஒரு குலத்தைச் சார்ந்தனவோ? பெயரும் நிறமும் இவ்வினாவிற்கு விடை தாரா. மலரின் உறுப்புகளையும் கனியின் இயல்பையும் ஆராய்ந்தே உறவினைத் துணிதல் வேண்டும்.

கொன்றை அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. அதன் இலை கூட்டிலையாகும். ஒவ்வொன்றிலும் நான்கு முதல் எட்டு இணை வரை அகன்ற சிற்றிலைகள் இருக்கும். மலரில் புல்லிகள் ஐந்து; அல்லிகள் ஐந்து; மகரந்தத்தாள்கள் பத்து. இப்பத்தும் ஒரே அளவினவல்ல. மூன்று மிக நீண்டு, பாம்பு நெளிவது போல இருமுறை வளைந்திருக்கும். நான்கு நடுத்தரமானவை. எஞ்சிய மூன்றும் மிகச் சிறியவை. இம்மலரில் தேன் இல்லை. வண்டுகள் மகரந்தத்தை உணவாகக் கொள்ளவே வருகின்றன. அவை நடுத்தரத் தாள்களைப் பற்றி அதிர்த்து உணவு கொள்ளும்போது, நீண்ட தாள்களின் மகரந்தம் அவற்றின் உடலிற் படிந்து வேறு மலரைச் சென்றடைகின்றது. உணவளிப்பது ஒரு பகுதி. இனம் பெருக்குவது மற்றொரு பகுதி. இங்ஙனம் ஒரு மலரினுள்ளேயே தொழிற்பகுப்பு அமைந்திருத்தல் வியத்தற்குரியது.

கனியோ ஓரடி முதல் இரண்டடி வரை நீண்டு, உருண்டு, முற்றியபின் கருமை நிறம் பெறும். அது தானே வெடிப்பதில்லை. உள்ளே குறுக்குத் தடுப்புகளுக்கிடையில் இனிய சதைப்பற்றும் விதைகளும் இருக்கும். கரடி போன்ற விலங்குகள் அச்சதையை விரும்பி உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதியைப் பேரினம் என்பர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, கொன்றையையும் ஆவாரையையும் அவை போன்ற பிறவற்றையும் காசியா என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். காலப்போக்கில் அதில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் சேர்ந்தன. 1871இல் ஆங்கில அறிஞர் பெந்தம் அதனை மூன்று உட்பிரிவுகளாக வகுத்தார். 1982இல் இர்வின், பார்னிபி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகவே கொண்டனர். நீண்டு நெளிந்த தாள்களை உடையவை காசியா. நேரிய குறுந்தாள்களும் நுனித் துளை வழியே மகரந்தத்தை உதிர்க்கும் பைகளும் உடையவை சென்னா. முறுக்கி வெடித்து விதையைச் சிதறும் காய்களை உடையவை கமேகிரிஸ்டா. பிற்காலத்து மரபணு ஆராய்ச்சியும் இப்பகுப்பினை வலியுறுத்தியது.

இதனால் விளங்குவது யாது? செங்கொன்றையின் மலர் சிவந்தது. ஆயினும் அது கொன்றையின் பேரினத்தைச் சார்ந்ததே. ஆவாரையின் மலர் கொன்றையைப் போலவே பொன்னிறமுடையது. ஆயினும் அது சென்னாவைச் சார்ந்தது. மயிற்கொன்றையோ பெயரளவில் மட்டுமே கொன்றை. அதன் பேரினம் முற்றிலும் வேறு.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. வெப்ப அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்ட மரமொன்று, இன்று முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய காடுகளில் அடர்ந்து பரவியுள்ளது. மக்கள் அதனை மஞ்சள் கொன்றை என்பர். அதன் செறிந்த நிழலில் புல்லும் பூண்டும் வளர்வதில்லை. மானும் யானையும் மேய்ச்சல் இழக்கின்றன. வெட்டினும் அது மீண்டும் தழைக்கும். ஆதலின் அதனை அகற்றும் பணியில் வனத்துறையினர் ஈடுபட்டுள்ளனர். அதுவும் சென்னாப் பேரினத்ததே.

இரண்டும் மஞ்சள் மலர் மரங்கள். இரண்டின் பெயரும் கொன்றை. வேறுபாடு அறியாதவன் கைக்கோடரி எம்மரத்தின் மீது விழும்? அறிந்தவனோ ஐயுறான். தொங்கும் சரமும், அகன்ற சிற்றிலையும், நெளிந்த தாளும் உடையது காத்தற்குரிய கொன்றை. நிமிர்ந்த கொத்தும், குறுகிய பல சிற்றிலைகளும், நேரிய தாளும் உடையது களைதற்குரிய அயல்மரம். ஒரு மலரை உற்று நோக்கும் பொறுமை ஒரு காட்டையே காக்க வல்லது.