முதலில் வீடு

வேலை போகலாம், வாடகை ஏறலாம், நோய் தாக்கலாம். ஒருவர் வீட்டை இழக்கிறார். குளிர் இரவில் தெருவில் படுத்தால் அவர் உடலுக்கு என்ன ஆகும்? தரை, வெப்பக் கடத்தலால் உடல் வெப்பத்தை உறிஞ்சும். காற்று, வெப்பச் சலனத்தால் அதைக் கொண்டுசெல்லும். உடல் நடுங்கும், உறக்கம் கெடும், நோய் முற்றும். பிறகு வேலை செய்யத் தெம்பு ஏது? வாடகை கொடுக்கப் பணம் ஏது? விளைவே காரணமாகிவிடுகிறது! அட்டையை விரித்துப் படுத்தால் வெப்ப இழப்பு குறையும்; ஆனால் இந்தச் சுழல் அறுபடாது.

கடுங்குளிர் நாடான பின்லாந்தில், 'குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு' என்பது பழைய முறை. 2008-இல் அதைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் நிலையான வாடகை வீடு, பிறகு சிகிச்சை, வேலை. இரவு விடுதிகள் சிறு வீடுகளாக மாறின. அப்போது சுமார் 8,000 பேர் வீடின்றி இருந்தனர். 2022-இல் 4,000-க்கும் குறைவு.

மாணவர்களே, சுழலை அவர்கள் எந்த இடத்தில் அறுத்தார்கள்? யோசியுங்கள்!