நிறுவனங்களின் கல்விக்கொடையும் வகுப்பாசிரியரின் பங்கும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை, பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். காரைக்கால் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பொறியியல் முதலாண்டில் சேர்ந்ததும் ஒரு பெரிய நிறுவனத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண் தகுதி இருந்தது, வருமானமும் வரம்புக்குள் இருந்தது. ஆனாலும் விண்ணப்பம் திரும்பிவிட்டது.

மதிப்பெண் சான்றிதழில் அவள் பெயருடன் ஓர் இனிஷியல் மட்டும் இருந்தது. ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் சேர்ந்திருந்தது. வங்கிப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டலே வேறு. கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு ஆட்கள். திருத்தி எடுத்து வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது.

"மிஸ், பத்தாவதுல நாமினல் ரோல் பாத்தப்பவே இதை மாத்தியிருக்கலாமா?" என்று கேட்டாள். அவள் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கோ சுருக்கென்றது. பெயர்ப் பட்டியல் சரிபார்த்த நாளில் அந்த வேறுபாட்டை நான் பார்த்தேன். "இனிஷியல்தானே, பரவாயில்லை" என்று கையெழுத்து வாங்கியதும் நான்தான். அந்த ஆண்டு விடுதிக் கட்டணத்துக்கு அவள் அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று.

அதன் பிறகுதான் நிறுவனங்கள் தரும் கல்வி உதவியைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் எங்கள் பள்ளியில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

கொடையிலிருந்து சட்டம் வரை

வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்குத் தருவது நமக்குப் புதிதல்ல. துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளை நிதி நீண்ட நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் கல்விக்கும் பயன்பட்டது. 1842இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. காரைக்காலுக்கு வடக்கே சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1920இல் கல்லூரி தொடங்கினார். அது 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. அழகப்ப செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். அதன் அடிக்கல் 1948இல் நாட்டப்பட்டது.

மாணவருக்கு நேரடியாக உதவும் வழியை ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் காட்டினார். வெளிநாட்டில் உயர்கல்வி பெறுவோருக்கு அவர் ஏற்படுத்திய நிதி, கடன் உதவித்தொகையாகத் தரப்படுகிறது. ஒருவர் படித்து முடித்துத் திருப்பித் தருவது அடுத்தவர் படிப்புக்கு உதவுகிறது. கேரளத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன் இந்த உதவியுடன்தான் இலண்டனுக்குப் படிக்கச் சென்றார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

தனிமனிதர் மனம் வைத்தால் நடப்பதாக இருந்த இந்தக் கொடை, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தால் கடமையாயிற்று. அதன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதையே சி.எஸ்.ஆர். என்கிறோம். இந்தப் பணிகளைப் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் கல்வியும் தொழில்திறன் பயிற்சியும் உள்ளன. அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குத் தருவதும் அதில் அடங்கும். தம் ஊழியர் குடும்பங்களுக்கு மட்டும் செய்யும் உதவி இந்தக் கணக்கில் வராது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

எனவே உதவித்தொகை கேட்கும் மாணவர் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. இதை மாணவரிடம் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

காரைக்காலின் நிலை

தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழ்ந்த புதுச்சேரியின் பகுதி எங்கள் ஊர். சிறிய பகுதியானாலும் என்.ஐ.டி., ஜிப்மர் கிளை, வேளாண் கல்லூரி, அரசுக் கலைக் கல்லூரிகள் எல்லாம் உண்டு. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் நெரவியில் இருக்கிறது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. கல்லூரி வாசலும் நிறுவன வாசலும் பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும், உள்ளே போகும் வழி பலருக்குத் தெரிவதில்லை.

ஓ.என்.ஜி.சி. உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் 2000 பேருக்கு, ஆண்டுக்குத் தலா 48,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டு வந்துள்ளது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1000, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 500, பொதுப்பிரிவினருக்கு 500. பாதி இடங்கள் மாணவியருக்கு. பொறியியல், மருத்துவம், மேலாண்மை முதுகலை, புவியியல் சார்ந்த முதுநிலைப் படிப்புகளின் முதலாண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பையும் கடைசி நாளையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. மாநில அல்லது ஒன்றியப் பிரதேசப் பட்டியலின்படி பி.சி., எம்.பி.சி. என்று பெற்ற சாதிச் சான்றிதழ், நாடு தழுவிய உதவித்தொகைக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவருக்கும் இது பொருந்தும்.

நாங்கள் செய்து பார்த்தவை

அறிவிப்பு வந்தபின் சான்றிதழுக்கு ஓடினால் நேரம் போதாது. அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குகிறோம்.

1. பெயர் ஒப்பீடு: பள்ளிப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பெற்றோர் முன்னிலையில் ஒப்பிடுகிறோம். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போகும் முன் திருத்தினால் எளிது. சான்றிதழ் அச்சான பின் அலைச்சல் அதிகம்.

2. மாணவர் கோப்பு: ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. அதில் சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ்களின் நகல்களும் புகைப்படமும் இருக்கும். வருமானச் சான்றிதழ் காலாவதியாகும் நாளை உறையின் மேலேயே எழுதிவைக்கிறோம்.

3. தடைக்காலம்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலுக்குப் போகும் தந்தையர் கரையில் இருக்கும் காலம் அது. தாலுகா அலுவலக வேலைகளை அப்போது முடிக்கச் சொல்கிறோம். விவசாயக் கூலி வீடுகளுக்கு நடவும் அறுவடையும் இல்லாத வாரங்கள். உங்கள் ஊரில் பெற்றோருக்கு ஓய்வு எப்போது என்று பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

4. வங்கிக் கணக்கு: மாணவர் பெயரிலேயே கணக்கு இருக்கிறதா, செயல்பாட்டில் இருக்கிறதா, ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம்.

5. நிபந்தனைகள்: வேறு உதவித்தொகை பெறுபவர் விண்ணப்பிக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதிக்கின்றன. அரசு உதவித்தொகையோடு ஒப்பிட்டு, எது நல்லது என்று மாணவரே முடிவுசெய்ய உதவுகிறோம்.

6. எச்சரிக்கை: விண்ணப்பக் கட்டணமோ, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணோ யார் கேட்டாலும் தரக் கூடாது. அறிவிப்பு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விண்ணப்பிக்கிறோம்.

7. தொடர்பு: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் கைப்பேசி எண்களை ஓராண்டு வைத்திருக்கிறோம். பெரும்பாலான உதவித்தொகைகள் கல்லூரி முதலாண்டில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் புதிய கல்லூரியில் பிள்ளைக்குத் தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை. பள்ளி ஆசிரியரின் ஒரு குறுஞ்செய்தி பெரிய துணை.

வகுப்பறைச் செயல்பாடு

எட்டாம் வகுப்பு விழுக்காட்டுப் பாடத்துடன் இதை இணைக்கலாம். ஒரு கற்பனை நிறுவனத்தின் மூன்றாண்டு நிகர இலாபம் 40, 50, 60 கோடி ரூபாய் என்று கரும்பலகையில் எழுதுங்கள். சராசரி 50 கோடி, அதில் 2 விழுக்காடு 1 கோடி. தலா 48,000 ரூபாய் என்றால் எத்தனை பேருக்கு உதவலாம்? விடை 208 பேர், மீதி 16,000 ரூபாய். "அந்த மீதியை என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன், "பஸ் பாஸ் வாங்கித் தரலாம் மிஸ்" என்றான். யாருக்கு முதலில் தர வேண்டும், ஏன் என்ற விவாதமும் அங்கிருந்தே தொடங்கியது.

நினைவில் கொள்ள வேண்டியது

நாடு முழுவதற்கும் 2000 பேர் என்பது சிறிய எண். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் கிடைக்காது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தனியார் கொடை அரசின் பொறுப்புக்கு மாற்றும் ஆகாது. பெரும் கொடையில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையே நிதி நெருக்கடியின்போது, 2013இல், தமிழ்நாடு அரசு ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே அரசு உதவித்தொகை, கட்டணச் சலுகை, கல்விக் கடன் ஆகியவற்றை முதலில் சொல்லி, நிறுவன உதவியை அவற்றோடு சேர்த்துச் சொல்வதே முறை.

அந்த மாணவி இப்போது இறுதியாண்டில் படிக்கிறாள். சென்ற தடைக்காலத்தில் அவள் தம்பியின் சான்றிதழ்களோடு அவர்கள் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். நான்கு ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. "இதுக்கா டீச்சர் இன்னொரு தடவை பேங்குக்குப் போகணும்?" என்று கேட்டார். "ஆமாங்க, இன்னைக்கே போயிட்டு வந்துடுங்க" என்றேன்.