சைனஸ் நோயும் ஊன ஓய்வூதியமும்: முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அறிய வேண்டியவை



கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் வட்டாரத்தில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்கள் நம் ஜமாஅத்துகளிலும் இருக்கிறார்கள். டிசபிலிட்டி பென்ஷன் எனப்படும் ஊன ஓய்வூதியம் குண்டடி பட்டவருக்கும் கை கால் இழந்தவருக்கும் மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பணியால் வந்த நோய்க்கும், பணியால் முற்றிய நோய்க்கும் அது உண்டு. நாட்டு வைத்தியர்கள் பீனிசம் என்று சொல்லும் நாள்பட்ட சைனஸும் அத்தகைய நோயாக இருக்கலாம். மூக்கடைப்பு, தலைபாரம், சீழ், வருடத்துக்குப் பலமுறை ஆன்டிபயாடிக் என்று அவதிப்படுகிறவர் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

பணியிலிருந்து வெளிவரும்போது மெடிக்கல் போர்டு ஓர் அறிக்கை தரும். அதில் இரண்டு பதில்களைத் தேடுங்கள். ஒன்று, நோய் பணியால் விளைந்ததா அல்லது பணியால் மோசமடைந்ததா என்பது. இரண்டும் இல்லை என்றால் என்.ஏ.என்.ஏ. என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். மற்றொன்று, ஊனம் எத்தனை சதவீதம் என்பது. பணியோடு தொடர்பு இருக்க வேண்டும். ஊனமும் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரண்டில் எது மறுக்கப்பட்டதோ, மேல்முறையீடு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வலியையும் வறுமையையும் மட்டும் எழுதி அனுப்பும் மனு இந்த இரண்டுக்கும் பதிலாகாது.

சைனஸோடு காது மந்தம், ஆஸ்துமா போன்றவையும் இருந்தால், ஒவ்வொன்றும் அறிக்கையில் தனித்தனியே பதிவாகியிருக்கிறதா, மொத்த சதவீதம் எவ்வளவு என்று சரிபாருங்கள்.

நீதிமன்றம் சொன்னது

1985இல் ராணுவத்தில் சேர்ந்த தரம்வீர் சிங் என்பவர் வலிப்பு நோயால் 20 சதவீத ஊனம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் குறிப்பிடப்படவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய்க்குப் பணி காரணமல்ல என்றால் மருத்துவக் குழு அதற்குக் காரணம் எழுத வேண்டும். நியாயமான சந்தேகத்தின் பலன் வீரருக்கே சேரும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். நோய் அமைதிப் பகுதியில் தொடங்கியது என்பதாலேயே கோரிக்கை விழுந்துவிடாது என்பதற்கான விதியும் அதில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

நோயின் காரணமாகவே பணியிலிருந்து விலக்கப்பட்டவரின் ஊனத்தை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கருத வேண்டும் என்று 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் இவற்றை நம்பி ஆதாரமில்லாமல் போகக் கூடாது. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் மருத்துவக் குழுவின் கருத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தை மறுத்தது. மேலும், பணியிலிருந்து வெளிவந்த தேதியைப் பொறுத்து விதிகளும் மாறும். 2007 முடிய வெளிவந்தவர்களுக்கு 1982 விதிகள், 2008 ஜனவரி முதல் 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள். தரம்வீர் சிங் தீர்ப்பு 1982 விதிகளின் மீது எழுந்தது. பிந்தைய விதிகளின் கீழ் வருபவர் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கூடுதல் கவனத்தோடு காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 2022இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஈராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்த வீரருக்கு நாள்பட்ட சைனஸ் இருந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படுகிறது. நம் நாட்டில் சைனஸுக்கென்று அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் காகிதங்களைக் கொண்டே பேச வேண்டியிருக்கிறது.

சேர்க்க வேண்டிய காகிதங்கள்

1. சேர்க்கையின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள்.
2. நோய் முதலில் பதிவான தேதி, இடம். அதற்கு முன் இருந்த போஸ்டிங் விவரம். பனிமலை, பாலைவனத் தூசி, எஞ்சின் புகை எதுவானாலும் குறிப்பிடுங்கள்.
3. ராணுவ மருத்துவமனையில் சேர்ந்த குறிப்புகள், ஸ்கேன், அறுவை சிகிச்சை, மெடிக்கல் கேட்டகரி குறைக்கப்பட்ட உத்தரவு.
4. வெளிவந்த பின் இன்று வரை பார்த்த வைத்தியத்தின் சீட்டுகள், தேதி வரிசையில்.
5. காது மூக்கு தொண்டை மருத்துவரின் கருத்து. நோய் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது. பணிச்சூழல் அதை எப்படி உண்டாக்கியது அல்லது முற்றச் செய்தது என்பதையும் அவர் எழுத வேண்டும்.

பழைய தாள்கள் கையில் இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு, பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்பது வரிசை. மனு கொடுத்து 6 மாதமாகியும் பதில் இல்லையென்றாலும் தீர்ப்பாயத்தை அணுகலாம். தாமதமாகிவிட்டால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனு எழுத வழிகாட்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

தாமதத்தின் விலை

100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 20 சதவீதம் என்றால் மாதம் 2,400 ரூபாய். 50க்குக் கீழுள்ள சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கொடுக்கும் முறையும் உண்டு. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியானால் மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 72,000.

2008இல் தர்சேம் சிங் வழக்கில், 16 ஆண்டுகள் கழித்து வந்தவருக்கு வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய 3 ஆண்டு நிலுவையை மட்டுமே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மற்ற ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். இன்று சும்மா இருக்கும் குடும்பத்துக்கும் இதே நஷ்டம் நேரலாம்.

கை நீட்டக் கூசும் குணம் நம் மக்களிடம் உண்டு. அது நல்ல குணம். ஆனால் இது ஜகாத்தும் அல்ல, ஸதகாவும் அல்ல. உழைத்தவருக்கு உரிய கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனைத் தவணையோடும் சாட்சியோடும் எழுதி வைப்பதைப் பற்றியது. உரிமையைக் காகிதத்தில் காப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுங்கு. உதவிக்கு மனு தர வரும் முன்னாள் வீரர் குடும்பத்தார் மெடிக்கல் போர்டு அறிக்கையையும் கையோடு கொண்டு வாருங்கள். மருந்துச் செலவுக்கு டிரஸ்ட் ஒருமுறை கைகொடுக்கலாம். ஓய்வூதியம் மாதாமாதம் வரும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்