சூப்பர் மார்க்கெட்டில் அடுத்தவரையும் நினைத்து: 17 குறிப்புகள்

மளிகைச் சீட்டை அண்ணாச்சியிடம் நீட்டிவிட்டு ஓரமாக நின்ற காலத்தில், பொருளைத் தொட்டது அவர் கை மட்டும்தான். நிறுத்து, பொட்டலம் கட்டி, சணல் சுற்றித் தருவார். வாடிக்கையாளரே உள்ளே போய் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடையை 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் திறந்தார். அந்த முறை இன்று நம் தெருமுனை வரை வந்துவிட்டது. கடைக்காரர் வேலையில் பாதி இப்போது நம் கையில் இருக்கிறது: பொறுக்குவது, பார்ப்பது, எடைக்குக் கொண்டுபோவது, வேண்டாததைத் திரும்ப வைப்பது. இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீங்கிய காலோடு வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து அவள் சொன்னவைதான் இந்தக் குறிப்புகளில் பாதி. மீதி, வரிசையில் நின்று நானே பார்த்தவை.

1. எடுத்த பொருள் வேண்டாம் என்று தோன்றினால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லையா, பில் போடுபவரிடம் "இது வேண்டாம்மா" என்று கொடுத்துவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பிஸ்கட் ரேக்கில் சோப்பு கிடந்தால் எப்போதாவது யாராவது எடுத்து வைப்பார்கள். இட்லி மாவும் பாலும் பனீரும் அப்படி இல்லை. மாவு வெளியில் இருக்க இருக்கப் புளித்துக்கொண்டே போகும். பாக்கெட் உப்பி, ஓரம் பிரிந்து, கீழ்த்தட்டில் இருக்கும் பருப்பின் மேலெல்லாம் வழியும். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய பட்டாணி பாக்கெட் சேமியாவுக்குப் பின்னால் கிடந்தால், எத்தனை நேரமாகக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் பெண் இருந்த கடையில், அவரவர் ரேக்கில் வீணான பொருளுக்கு அவரவர் சம்பளத்தில் பிடித்தார்கள். யாரோ விட்டுப்போன இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அவள் பணம் கட்டினாள். சம்பளத்தில் பிடித்தது கடையின் தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் டப்பாவை அங்கே வைத்தது கடை இல்லை.

2. பால், தயிர், மாவு, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் கடைசியில் எடுங்கள். முதலிலேயே எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சுற்றினால், மனசு மாறித் திரும்ப வைத்தாலும் அடுத்தவருக்குக் கிடைப்பது உருகி மறுபடி உறைந்த பொருள். மேலே நரநரவென்று ஐஸ் துகள் படிந்த ஐஸ்கிரீம் இப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

3. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அம்மாவிடமிருந்து நமக்கு வந்தது அது. தோட்டக்காரர் கூடையில் கொண்டுவந்து, காலையிலேயே விற்றுத் தீர்ந்த நாளில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஒடித்தவள் முக்கால்வாசி அதையே வாங்கியும் விடுவாள். சூப்பர் மார்க்கெட்டில் அதே காய் இரண்டு நாள் தட்டில் இருக்கிறது. ஒடிந்த முனை வழியாக ஈரம் போய், கறுத்து, சுருங்கிவிடும். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவருக்கு மிஞ்சுவது மூக்கறுந்த காய்கள் மட்டும்தான். ஒடிக்காமலே இளசு தெரியும். விரல் நீளத்துக்கு மேல் போகாதது, பளிச்சென்ற பச்சை, மேலே மெல்லிய சுணை. உடம்பை இரண்டு விரலால் தடவினால் விதை மேடு மேடாகத் தட்டுப்படக் கூடாது. இத்தனை பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒன்றே ஒன்றை ஒடியுங்கள். ஒடித்ததை உங்கள் கவரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

முருங்கைக்காயை முறுக்கவும் வேண்டாம். வெளியிலேயே விதை புடைத்துத் தெரிந்தால் முற்றல். கத்தரிக்காய்க்குக் காம்பு பச்சையாக இருக்கிறதா, உடம்பில் ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். மாம்பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மறுநாள் கன்றிப்போகும். காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். மக்காச்சோளத்தின் தோலைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். தோல் போனால் மணி காய்ந்து இனிப்பும் குறையும். தோலோடு சேர்த்து அமுக்கினாலே மணி நிறைந்திருப்பது தெரியும். தேங்காயை மட்டும் தாராளமாக ஆட்டிப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். அதற்கு ஒன்றும் ஆகாது.

4. எடை குறையட்டும் என்று முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்து அங்கேயே போடாதீர்கள். காலிஃப்ளவரின் தண்டை ஒடிப்பதும் அப்படித்தான். உரித்த குப்பை அடுத்த காயின் மேல் கிடந்து அழுகும். வாடிய இலை ஒன்றிரண்டு இருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்களே எடுத்துவிட்டு நிறுப்பார்கள்.

5. சின்ன வெங்காயம் பொறுக்கக் கூடை முன்னால் பத்து நிமிடம் நிற்கிறோம். பின்னால் நான்கு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையால் அள்ளிக் கவரில் போட்டுக்கொண்டு, ஒரு பக்கமாக நகர்ந்து, அழுகலை மட்டும் எடுத்துத் தனியாக ஊழியரிடம் கொடுங்கள். மீதியை வீட்டில் உரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

6. திறந்த தொட்டியில் வைத்திருக்கும் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலைக்குள் கையை விட்டு அளையாதீர்கள். கரண்டி எதற்கு வைத்திருக்கிறார்கள்? ஒரு தொட்டிக் கரண்டியை இன்னொன்றில் போடவும் கூடாது. வேர்க்கடலை ஒவ்வாத குழந்தை உள்ள வீடுகள் இருக்கின்றன. அந்தத் தாய்க்கு, உளுந்தில் கலந்த நான்கு கடலை சின்ன விஷயம் இல்லை. ருசி பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள். திராட்சையையும் பேரீச்சையையும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டே நடப்பது பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரும் பாடமாகிவிடுகிறது.

7. பால், ரொட்டி, மாவு ரேக்கில் பழைய தேதியை முன்னாலும் புதிய தேதியைப் பின்னாலும் அடுக்குவார்கள். முந்தி வந்தது முந்திப் போக வேண்டும் என்பதற்காக. நாம் முழங்கை வரை கையை விட்டுப் பின்னால் இருப்பதை இழுக்கிறோம். முன்னால் இருந்தவை சரிந்து, நசுங்கி, தேதி தாண்டிக் குப்பைக்குப் போகின்றன. வாங்கியவுடன் காய்ச்சப்போகிற பாலுக்கு நாளைய தேதி போதாதா? நான்கு நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் பின்னால் இருப்பதை எடுங்கள், அது உங்கள் உரிமை. வெளியே எடுத்தவற்றை அதே வரிசையில் திரும்ப வையுங்கள். தேதி நெருங்கிய பொருளைச் சில கடைகளில் விலை குறைத்துத் தனியாக வைப்பார்கள். அன்றே சமைப்பதற்கு அதை வாங்குவதில் லாபம் நமக்குத்தான்.

8. ஷாம்பு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது, பவுடர் டப்பாவைக் கையில் தட்டிப் பார்ப்பது, டிஷ்வாஷ் பாட்டிலின் சீலைக் கிழிப்பது: இவை எதுவும் வேண்டாம். சாம்பிள் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். சீல் உடைந்ததை அடுத்தவர் வாங்க மாட்டார், நீங்களும்தான் வாங்க மாட்டீர்கள். இலவசமாக ஒட்டியிருக்கும் டப்பாவை மட்டும் பிய்த்தெடுத்துப் போவதைப் பற்றி எழுதவே வருத்தமாக இருக்கிறது. அதைச் செய்பவர்களும் நம்மைப் போல வசதியோடு இருப்பவர்கள்தான்.

9. தள்ளுவண்டியை ரேக்கோடு ஒட்டி, நீளவாக்கில் நிறுத்துங்கள். நம் கடைகளில் நடைபாதை இரண்டு வண்டி அகலம்கூட இருக்காது. குறுக்கே நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் பேஸ்ட் தேடப் போனால், ஊன்றுகோலோடு வரும் பெரியவர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தெரிந்தவரைப் பார்த்துப் பேச ஆசையாக இருந்தால், வாசல் பக்கம் காலி இடத்துக்கு வந்து பேசுங்கள். நான்கைந்து சாமான்தான் என்றால் கைக்கூடையே போதும்.

10. குழந்தையைத் தள்ளுவண்டிக்குள் நிற்க வைக்காதீர்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பினால் வண்டியே கவிழும். தெருவில் நடந்த செருப்பு, அடுத்தவர் கீரை வைக்கும் இடத்தில் பதியும். கைப்பிடிப் பக்கம் மடக்கு இருக்கை இருந்தால் அதில் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், எடுக்க வேண்டிய மூன்று பொருளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். தேடுகிற பிள்ளை ஓடாது.

11. கைதவறி எண்ணெய் பாக்கெட் உடைந்துவிட்டதா? நகராதீர்கள். அங்கேயே நின்று ஊழியரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயந்து நழுவிப்போகிறார்கள் பலர். டைல்ஸ் தரையில் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. வழுக்கி விழுந்தால் வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறியக்கூடும். உடைந்ததற்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடலாம்.

12. எடை மெஷினுக்கும் வரிசை உண்டு. காய்க் கவரை முடிச்சுப் போடாமல் நீட்டினால் ஸ்டிக்கர் ஒட்டுபவருக்கு வேலை மிச்சம், அவரே மடித்து ஒட்டுவார். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு "இன்னும் இரண்டு கேரட்" என்று உள்ளே போடாதீர்கள். எடை போடாமல் காயை நேராக பில்லுக்குக் கொண்டுபோனால், நீங்கள் ஓடிப்போய் வரும்வரை மொத்த வரிசையும் நிற்கும்.

13. கூடையை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாமான் எடுக்கப் போவது வேண்டாம். பாதி பில் ஏறிய பிறகு "ஒரு நிமிஷம், பெருங்காயம் மறந்துட்டேன்" என்று ஓடுவதும் அதே ரகம். கவுன்டருக்கு வருவதற்கு முன்னால் சீட்டை ஒரு தடவை படியுங்கள். உங்கள் வண்டி நிறைய இருந்து, பின்னால் ஒருவர் ஒற்றைப் பால் பாக்கெட்டோடு நின்றால், "நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகுமா? முதுகில் வண்டியால் இடித்து நகரச் சொல்பவர்களுக்கு மட்டும் நகராமல் நில்லுங்கள்.

14. கவுன்டரில் அரிசி, எண்ணெய், மாவு ஆகிய கனமானவற்றை முதலில் வையுங்கள். தக்காளி, பிரெட், முட்டை கடைசியில். பைக்குள்ளும் அதே வரிசையில் போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. இத்தனை வருடமாகியும் "கவர் இல்லையா?" என்று பில் போடும் பெண்ணிடம் சண்டை பிடிக்கிறோம். மஞ்சப்பை ஒன்றை வண்டிச் சாவியோடு சேர்த்து மாட்டி வையுங்கள். பில் ஏறும்போதே பொருளைப் பையில் போட ஆரம்பியுங்கள். பணம் அனுப்பும் ஆப்பை முன்கூட்டியே திறந்து வையுங்கள். பல கடைகளில் உள்ளே சிக்னல் எடுக்காது. அந்த இரண்டு நிமிடம் போனில் பேசாதீர்கள். பாயின்ட் ஏற்ற மொபைல் நம்பரை அவர் மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது.

15. விலையில் சந்தேகம் என்றால் பில் ஏறும்போதே நிதானமாகச் சொல்லுங்கள். ஏறிய பொருளை நீக்கப் பல கடைகளில் சூப்பர்வைசர் வந்தாக வேண்டும், அதனால் நேரமாகும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் விடாதீர்கள். ஆனால் கேட்க வேண்டியது மேனேஜரிடம். கம்ப்யூட்டரில் விலையை ஏற்றியது கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் இல்லை.

16. உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பார்த்து "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, எழுந்து எடுத்துக் கொடு" என்று சொல்லாதீர்கள். கோழிக்கோடு மிட்டாய்த்தெரு கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடித்தான், 2018-ல் கேரளத்தில் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: வேலை நேரம் முழுக்க நிற்கவைக்கக் கூடாது, உட்கார இருக்கை வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரேக் பக்கத்திலும் பிறகு ஒரு ஸ்டூல் வந்தது. "உட்கார்ந்தா கஸ்டமர் ஒரு மாதிரி பார்க்கிறாங்க அத்தை, அதுக்கு நின்னுடலாம்" என்றாள். சட்டம் கொடுத்த ஸ்டூலை நம் பார்வை பிடுங்கிக்கொண்டது. கேட்பதாக இருந்தால் "அம்மா, ரவை எங்கே இருக்கு?" என்று கேளுங்கள், அவர் கை காட்டினால் நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். "ஏய்", "இந்தா" வேண்டாம். சட்டையில் பெயர் எழுதியிருந்தால் பெயர் சொல்லியே கூப்பிடலாம், தம்பி என்றும் சொல்லலாம்.

17. கடை பத்து மணிக்கு மூடும் என்றால், 9.50-க்கு மாதச் சாமான் வாங்க உள்ளே போகாதீர்கள். நாம் வெளியே வந்த பிறகுதான் அவர்கள் கணக்கு முடித்து, சிதறியதை அடுக்கி, தரை துடைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடைசி பஸ் 10.20-க்கு இருந்தது. அதைத் தவறவிட்ட நாட்களில் அவள் அப்பா சைக்கிளில் போய்க் கூட்டிவருவார். அவசரத்துக்குப் பாலோ மாத்திரையோ என்றால் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மற்றதை மறுநாள் காலை, கூட்டமில்லாத நேரத்தில் நிதானமாக வாங்கலாம். காயும் அப்போதுதான் புதிதாக வந்து இறங்கியிருக்கும்.